தம் வரலாற்றில் தாம் காணும் பிழை

ஆ. சிங்காரவேலு முதலியார் தொகுத்த அபிதான சிந்தாமணி 1910ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 1934இல் வந்தபோது தொகுத்தவர் உயிரோடு இல்லை. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் அந்நூலில் ஒரு பிழையைக் கண்ட புலவர், தம்மிடமிருந்த படியின் ஓரத்தில் அதனைக் குறித்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியவராகவே இருந்தார். அக்காலக் களஞ்சியங்களில் இடம்பெற்றோருள் மிகப் பலர் மறைந்தவர்கள். ஆகவே தம்மைப் பற்றிய செய்தி தவறென்று முறையிட அவர்கள் வரவில்லை.

இணையக் கலைக்களஞ்சியமாகிய விக்கிப்பீடியா இந்நிலையை மாற்றிவிட்டது. தமிழில் அது 2003இல் தொடங்கியது. உயிரோடிருக்கும் எழுத்தாளர் தம் வாழ்க்கைக் குறிப்பைத் தாமே படிக்கிறார். பிறந்த ஆண்டு தவறு, எழுதாத நூல் தம் பெயரில் நிற்கிறது, எழுதிய நூல் விடுபட்டிருக்கிறது எனக் காண்கிறார். எவரும் திருத்தலாம் என்று அறிவித்திருக்கும் அவ்விடத்தில், அவர் மட்டும் தம்மைப் பற்றிய பக்கத்தில் கை வைக்காதிருப்பதே முறை என்பர். பேச்சுப் பக்கத்தில் தாம் யார் என்பதை மறைக்காமல் கூறி, சான்று காட்டி, திருத்தத்தைக் கேட்க வேண்டும். தீர்ப்பளிப்பவர் பிறர். இஃது எழுதியவரை அவமதிக்கும் விதியா, அவரைக் காக்கும் விதியா என்பதே ஆராயத்தக்கது.

விதியில்லாத இடத்தில் நேரும் தீங்கிற்கு ஜான் சீகன்தாலர் சான்றாவார். ராபர்ட் கென்னடியிடம் பணியாற்றிய அவ்விதழாளரைக் கென்னடி சகோதரர்களின் கொலைகளோடு தொடர்புபடுத்தி, 2005 மே மாதத்தில் யாரோ ஒருவர் விளையாட்டாக எழுதிவிட்டார். அப்பொய் நான்கு மாதங்களுக்கு மேல் அங்கே நின்றது. அவ்வாண்டு நவம்பரில் அவரே நாளிதழில் எழுதி உலகறியச் செய்தார். உயிரோடிருப்போர் வரலாறுகளில் சான்றில்லாத பழியை உடனே நீக்கவேண்டும் என்னும் கண்டிப்பு வலுப்பெற்றது அதன் பின்னரே.

சீகன்தாலருக்கு நேர்ந்தது வெளிப்படையான பொய். பிலிப் ராத்துக்கு நேர்ந்தது அவ்வளவு எளிதில் முடிவதன்று. இலக்கிய மாணவர் கூர்ந்து நோக்க வேண்டியது அதனையே. 2000இல் வந்த 'மனிதக் கறை' என்னும் அவர் நாவலின் தலைமகன், தன் கறுப்பினப் பிறப்பை மறைத்து வாழும் பேராசிரியன். அப்படைப்புக்கு அனத்தோல் புரோயார்டு என்னும் திறனாய்வாளரின் வாழ்வே தூண்டுகோல் என்று பேசப்படுவதாக விக்கிப்பீடியா குறித்திருந்தது. ராத் அதனை மறுத்தார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1985இல் தம் நண்பர் மெல்வின் டியூமினுக்கு நேர்ந்ததே நாவலின் வித்து என்றார். வகுப்புக்கே வராத இரு மாணவரைக் குறித்து, 'இவர்கள் இருக்கிறார்களா, பேய்களா?' என்னும் கருத்துப்பட அப்பேராசிரியர் கேட்டார். அம்மாணவர் இருவரும் கறுப்பினத்தவர். அவர் ஆண்ட சொல் அவ்வினத்தாரை இழிக்கும் வசையாகவும் வழங்குவது. அதனால் அவர் நெடிய விசாரணைக்கு ஆளானார்.

தம் சார்பில் ஒருவரை அனுப்பித் திருத்தம் கேட்ட ராத்துக்குக் கிடைத்த விடை வியப்பூட்டுவது. படைத்தவரின் சொல்லுக்கு மதிப்புண்டு. எனினும் வெளியான வேறு சான்று வேண்டும் என்பதே அவ்விடை. அவர் 2012 செப்டம்பரில் 'நியூ யார்க்கர்' இதழில் நீண்ட திறந்த மடல் ஒன்றை வெளியிட்டார். அம்மடலே சான்றாகி, அவர் மறுப்பு பக்கத்தில் ஏறியது!

இதனைப் படித்த பலர் விக்கிப்பீடியாவை நகைத்தனர். அந்நகைப்பு பாதியே நியாயமானது. நாவலின் வித்து எது என்பதில் ராத்தின் சொல்லே முதற்சான்று. அதனை ஐயுற்றது மிகை. ஆனால் நூலைப் படித்த திறனாய்வாளர் சிலருக்குப் புரோயார்டு நினைவுக்கு வந்தார் என்பதும் நிகழ்ந்த உண்மை. அதனை அழிக்கும் உரிமை படைத்தவருக்கும் இல்லை. குறளுக்குப் பதின்மர் உரை கண்ட மரபில் வந்த நமக்கு இது புதுமையன்று. பரிமேலழகர் கொண்ட பொருளே தம் கருத்து என்றோ, அன்று என்றோ சொல்ல வள்ளுவர் எழுந்து வரப்போவதில்லை. வருவாராயினும், அவர் சொல்லும் உரைகளுள் ஒன்றாக வைத்தே ஆராயப்படும். முதல் இருக்கை அதற்கு என்பதில் ஐயமில்லை.

ராத்துக்கு மடல் வெளியிட ஓர் இதழ் இருந்தது. கம்போங் ராஜாவின் தேயிலை மலையில் பிறந்து எழுத வந்தவரின் நிலை என்ன? லயத்தில் பிறந்த குழந்தையின் பெயர், பதிந்தவர் செவிக்கு எட்டியவாறு ரோமன் எழுத்தில் பிறப்புப் பத்திரத்தில் ஏறும். அதுவே அடையாள அட்டையிலும் தொடரும். வீட்டில் அழைக்கும் பெயர் ஒன்று, பள்ளிப் பதிவேட்டில் ஒன்று, கதைக்குச் சூட்டிய புனைபெயர் மற்றொன்று. பிறந்த நாளோ, பதிந்த நாளாகவும் இருக்கலாம். அவர் கதைகள் வந்தவை பெரும்பாலும் ஞாயிறு பதிப்புகள். 1924இல் தோன்றிய தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. அவர்தம் வரலாற்றில் பிழை நேர்ந்தால், 'வெளியான சான்று காட்டுக' என்னும் விதி, ராத்தை அழுத்தியதினும் பன்மடங்கு அவரை அழுத்துகிறது. அச்சேறாத வாழ்வை இல்லாத வாழ்வாகக் கொள்ளும் குறை அவ்விதியில் உண்டு. இதனை மறைக்க வேண்டியதில்லை.

எனினும், விதியைத் தளர்த்துவதால் முதலில் பயன் பெறுவோர் யார் என்பதையும் எண்ண வேண்டும். பிறந்த ஆண்டைத் திருத்தக் கேட்பவர் ஒருவரென்றால், தம் பெயருக்கு முன்னே நான்கு பட்டங்களைச் சேர்க்கக் கேட்போர் பலர். மாலையும் பொன்னாடையும் பெற்ற நாளெல்லாம் வரலாற்று நாள் என்று கருதுவோருக்கு நம்மிடையே பஞ்சமில்லை. சான்று கேட்கும் பழக்கம் இல்லையேல் களஞ்சியம் வாழ்த்துமடலாகிவிடும்.

இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி விதியிலேயே இருக்கிறது. பிறந்த ஊர், ஆண்டு, கல்வி போன்ற தற்புகழ்ச்சியற்ற எளிய செய்திகளுக்கு, ஒருவர் தம் பெயரில் வெளியிட்ட எழுத்தே சான்றாகலாம். ஆகவே நூலின் முன்னுரையும் பின்னட்டைக் குறிப்பும் அலங்காரங்கள் அல்ல, அவை ஆவணங்கள். நம் நூல்களில் பல, அணிந்துரைக்குப் பத்துப் பக்கம் ஒதுக்கி, ஆசிரியர் பிறந்த ஆண்டுக்கு ஒரு வரியும் ஒதுக்குவதில்லை. புனைபெயர் எவருடையது என்பதைக்கூட நண்பர்களின் நினைவிலேயே விட்டுவிடுகின்றன.

திருத்தம் கேட்கும் முறையிலும் தேர்ச்சி வேண்டும். 'என் வரலாறு முழுதும் தவறு' என்று சினந்து எழுதினால் எவராலும் உதவ இயலாது. இவ்வரி பிழை, சரியானது இது, இன்ன நூலின் இன்ன பக்கம் என்று எழுதினால் மறுப்பாரிலர். பாரதியார் மறைந்தது 1921 செப்டம்பர் 11 என்றே நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. நள்ளிரவு கடந்து 12ஆம் நாள் விடியற்காலையில் அவர் உயிர் நீத்ததையும், சென்னை மாநகராட்சிப் பதிவில் 12 என்றே இருப்பதையும் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். அவர்கள் கையிலிருந்தது பதிவேட்டின் ஒரு வரி.

அத்தகைய ஒரு வரி கேமரன் மலையின் எழுத்தாளர்களுக்கு எங்கே கிடைக்கும்? தோட்டப் பள்ளிகளின் பழைய ஆண்டு மலர்களிலும், சங்கத் தொகுப்புகளின் ஆசிரியர் குறிப்புகளிலும், நாளிதழிலிருந்து நறுக்கித் தகரப் பெட்டிகளில் வைத்த தாள்களிலும் கிடைக்கும். நறுக்கியவர் பலர், இதழின் பெயரும் நாளும் உள்ள மேல் விளிம்பை வெட்டி எறிந்துவிட்டனர். எஞ்சியவற்றை மலைப்பனியின் ஈரம் பூஞ்சணமாக்கி வருகிறது. நாளைக் கூறவல்ல முதியவர்கள் இருக்கும்போதே, அத்தாள்களின் ஓரத்தில் அதனை எழுதிவைக்கும் பணியை மேல்வகுப்பு மாணவர்களிடம் ஒப்படைக்கலாம்.