காய் ஒலிக்கிறதா, காற்று ஒலிக்கிறதா?

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் 1998-இல் தொடங்கப்பட்ட காய்கறி இசைக்குழு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் சுற்றி வாசித்திருக்கிறது. கச்சேரி நாளன்று சந்தைக்குப் போய்க் காய் வாங்குகிறார்கள். கத்தியும் துளைப்பானும் கொண்டு அன்றைக்கே கருவி செய்து, மாலையில் வாசிக்கிறார்கள். முடிந்ததும் ரசிகர்களுக்குச் சுடச்சுடக் காய்கறி சூப். டெல்லி கிட்வாய் நகரில் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு இவர்களுடைய காணொளி அவ்வப்போது வரும். சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக விழும். "சாப்பிடற பொருளோட என்ன விளையாட்டு?" என்று யாராவது ஒரு மாமா எழுதுவார். அத்துடன் பேச்சு அடங்கிவிடும். வேடிக்கை என்பதும் வீண் என்பதும் அவசரத் தீர்ப்புகள். இதில் நல்ல இசை இருக்கிறது. ஆனால் கைதட்டல் விழும் இடத்தில் அது இல்லை.

அதிகம் கைதட்டல் வாங்குவது கேரட் குழல். நீளவாக்கில் குடைந்து விரல்துளை போட்டால் ரெக்கார்டர் போலப் பாடுகிறது. வெள்ளரிக்காயைக் குடைந்து, ஒரு முனையில் கேரட் ஊதுவாயும் மறுமுனையில் குடைமிளகாயும் செருகினால் இன்னொரு ஊதுகருவி. பார்க்க அருமை. ஆனால் குழலில் அதிர்வது உள்ளிருக்கும் காற்றுதான். சுருதியை முடிவு செய்பவை குழலின் நீளமும் துளைகளின் இடமும் அளவும். சுவர் மூங்கிலா, பிவிசி குழாயா, கேரட்டா என்பது காதுக்கு அவ்வளவாகத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டால் கேரட் குழல் ஒரு சுமாரான குழல், அவ்வளவே. போதாக்குறைக்கு, ஈரம் வற்ற வற்றக் கேரட் சுருங்கித் துவளும், சுருதியும் நழுவும். மே மாதத்து லூ காற்றில் டெல்லியில் திறந்தவெளிக் கச்சேரி வைத்தால் முதல் உருப்படி முடிவதற்குள் பக்கவாத்தியக்காரர் கையை விரித்துவிடுவார்.

தேய்ப்பதும் கிழிப்பதும் அறைவதும் வேறு கதை. இரண்டு லீக் தண்டுகளை வில்லும் வயலினும் போல உரசுகிறார்கள். முட்டைக்கோஸ் இலையைத் தேய்த்துக் கீச்சிட வைக்கிறார்கள். வெங்காயச் சருகை மைக்குக்கு அருகில் கசக்குகிறார்கள். பூசணியைக் கையால் அறைகிறார்கள். இங்கே ஒலிப்பது காயேதான். அந்த நாரும் நீரும் தோலும் சேர்ந்து எழுப்பும் கரகரப்பை வேறெந்தப் பொருளிலிருந்தும் வாங்கிவிட முடியாது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் லீக் கிடைக்கும். சந்தேகம் உள்ளவர்கள் ஒரு கட்டு வாங்கி உரசிப் பார்க்கலாம். 'ஆட்டோமேட்' (2003), 'ஒனியனாய்ஸ்' (2010) ஆகிய இசைத்தட்டுகளில் குழுவின் பலம் இந்த உரசல் ஒலிகளில்தான் இருக்கிறது. எலக்ட்ரானிக் இசையின் இயந்திரத் தாளத்தைப் பச்சைக் காயில் வரவழைக்கிறார்கள். கேட்பவருக்கு இது சமையலறைச் சாமான் என்பது மறந்தே போகிறது. வாட்ஸ்அப்பில் சுற்றும் துணுக்குகளிலோ கேரட் குழல்தான் முன்னால் நிற்கிறது.

எல்லாம் மைக்கின் தயவுதானே என்று கேட்கலாம். ஆம், மைக் இல்லாவிட்டால் வெங்காயச் சருகு முன்வரிசைக்குக்கூடக் கேட்காது. அதைக் குறையாக நான் எண்ணவில்லை. இன்றைய சபாக் கச்சேரியில் வீணையும் மைக்கை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறது.

உண்மையான குறை சாதகத்தில் இருக்கிறது. கருவி ஒரே நாளில் அழிந்துபோவது நமக்குப் புதிதல்ல. மிருதங்கத்தின் தொப்பியில் ரவையைத் தண்ணீர்விட்டுப் பிசைந்து அப்புகிறோம். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுகிறோம். வடக்கே பக்காவஜுக்குக் கோதுமை மாவு. நாதஸ்வரத்தின் சீவாளியும் தேய்ந்து மாறிக்கொண்டே இருப்பது. வித்துவான்கள் மாற்றுச் சீவாளிகளைக் கருவியிலேயே கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். ஆனால் அங்கே மாறுவது ஓர் உறுப்பு மட்டும். உடல் நிற்கிறது; பத்து வருடம் பழகிய விரலுக்குத் துளையும் தோலும் எங்கே என்று தெரியும். வியன்னாக்காரர்களின் வாத்தியமோ ஒவ்வொரு முறையும் புதுசு. எந்தக் காய் எப்படி ஒலிக்கும் என்ற பட்டறிவு சேரலாம்; இந்தக் கேரட்டோடு உறவு சேராது. அதனால் குழுவாக ஒலி நெய்வதில் தேர்ந்திருக்கிறார்கள். ஒற்றை ஆள் உட்கார்ந்து ஒரு ராகத்தை விரிக்கிற மாதிரியான ஆழத்தை அவர்களிடம் எதிர்பார்க்க முடியாது. அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

நம் மரபு இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்தது: காயை உலரவைத்தது. முற்றிய சுரைக்காயைக் காயவைத்துக் குடைந்தால் ஓடு கட்டை போல இறுகிவிடும். மகாராஷ்டிரத்து மிரஜில் சிதாரும் தம்புராவும் அந்தக் குடத்தில்தான் உருவாகின்றன. அவற்றுக்கு 2024-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தஞ்சாவூர் வீணையின் கழுத்துக்கடியில் இருந்த சுரைக்குடுக்கைக்குப் பதிலாக இப்போது பெரும்பாலும் காகிதக்கூழ் அல்லது ஃபைபர். பாம்பாட்டியின் மகுடியும் சுரைக்காய்தான். ஆக, காய்கறி வாத்தியம் என்றதும் நாம் வாய்பிளப்பது கொஞ்சம் விசித்திரம். பச்சைக் காய்க்கும் பழக்கம் உண்டு. கிராமத்துப் பிள்ளைகள் பூசணித் தண்டை ஒடித்துப் பீப்பி ஊதுவார்கள். வியன்னா செய்தது, அந்தப் பீப்பியை உலரவிடாமல் மேடைக்குக் கொண்டுபோனதுதான்.

இனி மாமாவின் கேள்வி. கிட்வாய் நகர் யார் பெயரில் இருக்கிறதோ, அந்த ரஃபி அகமது கிட்வாய் 1952 முதல் 1954-இல் மறையும்வரை மத்திய உணவு அமைச்சர். ரேஷன் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியவர். அவர் பெயர் தாங்கிய காலனியில் உணவு வீணாவதைப் பற்றி ஒருவர் முணுமுணுப்பது பொருத்தமே. ஆனால் கணக்குப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. செதுக்கியதில் மிஞ்சுவது சூப்புக்குப் போகிறது. ஒரு கல்யாண வீட்டு எச்சில் இலையில் வீணாவதற்கு முன்னால் இது எம்மாத்திரம்? சூப் கொடுப்பதை மேடை உத்தியாக்கி, குற்றவுணர்வைக் கழுவிக்கொள்கிறார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். எனக்கு அதுவே சற்று உறுத்தல். நல்ல இசைக்கு சமாதானம் தேவையில்லை.

பக்கத்து லட்சுமிபாய் நகர் தமிழ்ப் பள்ளியிலோ வேறெங்கோ ஓர் ஆசிரியர் இதைப் பிள்ளைகளுக்குச் செய்துகாட்ட நினைத்தால் ஒரே ஒரு வேண்டுகோள். கேரட் குழலில் 'வாதாபி' வாசிக்க வைக்காதீர்கள். அது வித்தை காட்டல். முள்ளங்கியை உரசவிடுங்கள், முருங்கைக்காயை இழுக்கவிடுங்கள், முற்றிய சுரைக்காயைத் தட்டவிடுங்கள். எந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். வியன்னாக் குழுவையும் காணொளியில் பார்ப்பதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு 'ஒனியனாய்ஸ்' இசைத்தட்டைக் கேட்டுவிடுங்கள்.