தோட்டத்துக்கு எதுக்கு மதில்?

ஓக்லாண்ட் என்றால் நமக்கு மியூசியம் ஞாபகத்துக்கு வராது. 1966இல் கருஞ்சிறுத்தைகள் கட்சி பிறந்த ஊர் அது. 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் என்று கிளம்பியவர்கள் அங்கிருந்துதான் அந்தப் பேரை எடுத்தார்கள். இந்த உறவை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான், கலிபோர்னியா போயிருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த ஊர் மியூசியத் தோட்டத்தில் போய் உட்கார்ந்தேன்.

1969இல் திறந்த கட்டிடம். கட்டிடத்தை வடிவமைத்தவர் கெவின் ரோச், தோட்டத்தை டான் கைலி. ஒரு தளத்தின் கூரைதான் மேல்தளத்துக்குத் தோட்டம். மலைச்சரிவு வயல் மாதிரி அடுக்கடுக்காக இறங்குது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தெருப்பக்கம் கான்கிரீட் மதில். மெரிட் ஏரி கூப்பிடு தூரத்தில் கிடக்க, அந்தப் பக்கமும் அடைப்பு. இதை எளிமை என்று மெச்சுகிறார்கள். எனக்கு மதில் என்றால் உத்தப்புரம்தான். 1989இல் எழுப்பினதில் ஒரு பகுதியை இடிக்கவே 2008 ஆச்சு. ரெண்டையும் ஒண்ணு என்று சொல்ல வரலை. அது நம்மை அடைக்கவே கட்டினது, இது அப்படியில்லை. ஆனா வெளியே நிற்கிறவன் கட்டினவன் மனசையா பார்க்கிறான், சுவரைத்தானே பார்க்கிறான்.

சரி, அன்றைக்கு வெளியே நின்றது யார்? 1968இல், இந்த மதில் எழும்பிக்கொண்டிருந்த நாளில், பக்கத்திலிருக்கும் நீதிமன்றத்தில் ஹியூயி நியூட்டன் மீது கொலை வழக்கு விசாரணை. கருஞ்சிறுத்தைகள் வாசலில் திரண்டு நின்றார்கள். அடுத்த வருசம் மியூசியம் திறக்கச் சில வாரங்களே இருக்கும்போது, ஊர்ச் சனங்களுக்கு உள்ளே பங்கு கொடுக்கப் பார்த்த இயக்குநர் ஹாலிடேயை வேலையிலிருந்து நீக்கினார்கள். தோட்டம் சனங்களுக்குத்தான், சனங்களுடைய யோசனை மட்டும் வேண்டாம்!

2021இல் ஏரிப்பக்க மதிலை உடைத்து வாசல் வைத்தார்கள். செய்தவர் அந்த ஊர்க் கறுப்பர், நிலவடிவமைப்பாளர் வால்டர் ஹூட். நல்ல வேலை. நான் போன அன்று புல்தரையில் பிள்ளைகள் உருண்டன, கிழவிகள் ஆடினார்கள், வெளியே சாப்பாட்டு வண்டிகள் வரிசை. தோட்டத்துக்கு டிக்கெட் கிடையாது. யாரும் யாரையும் முறைக்கலை. கோயில் மதிலோரம் தேர் பார்த்து வளர்ந்த எனக்கு அதுவே பெரிசாகத்தான் இருந்தது.

ஆனாலும் கணக்கு இடிக்குது. 1980இல் ஓக்லாண்டில் கறுப்பர் கிட்டத்தட்டப் பாதிப்பேர். 2020 கணக்கெடுப்பில் கால்வாசிகூட இல்லை. வீட்டு வாடகை அவர்களைத் துரத்திவிட்டது. வாசல் திறக்க 52 வருசம் எடுத்துக்கொண்டால் கூட வேண்டியவர்கள் எங்கே இருப்பார்கள்? கட்டிட விமர்சனம் எழுதுகிறவர்கள் கல்லை அளக்கிறார்கள், இதை அளப்பதில்லை.

புல்தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கறுப்பினப் பெரியவர் இந்த ஊரிலேயே பிறந்தவராம். இப்போ ரெண்டு ஊர் தள்ளி மகள் வீட்டில் இருக்கிறார். பாட்டு இன்னும் முடியலை. அதுக்குள் ரயிலுக்கு நேரமாச்சு என்று கைத்தடியைத் தேடினார்.