படிவம் 20: ஒரு வாசிப்பு

முதல் புதுக் காருக்கான தவணை என் சம்பளத்தில்தான் போகிறது. ஆனாலும் ஷோரூமில் விற்பனையாளர் மைலேஜையும் சர்வீஸையும் உடன்வந்த தம்பியிடம் விளக்கினார். என்னிடம் நிறம் மட்டும் கேட்டார். அதை ஒருவரின் பழக்கம் எனலாம். வாகனப் பதிவுக்கான படிவம் 20 அப்படியல்ல. அது 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ள பிரதி.

உரிமையாளர் பெயரை அடுத்து, இன்னாரின் 'மகன்/மனைவி/மகள்' என்று நிரப்பச் சொல்கிறது. 'கணவன்' என்ற சொல் அங்கே இல்லை. மணமானாலும் ஆண் மகன்தான். பெண்தான் மகளிலிருந்து மனைவியாக இடம் மாறுகிறாள். கார் வாங்க அவளுடைய மணநிலை எதற்கு?

ஆனால் அந்த வரி 'தந்தை' என்றும் சொல்லவில்லை. தந்தை பெயரை எழுதுவது நம் வழக்கம். 'மகள்' என்பதை வைத்துக்கொண்டு, கோட்டில் அம்மாவின் பெயரை எழுதினேன்.