ஹாலண்டின் 'சீரிஸ்': ஒரு பெயருக்குள் எத்தனை பாறை?

தாமஸ் ஹாலண்ட் 1900-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காக எழுதிய சார்னோக்கைட் நூலை நாம் பெருமையோடுதான் பேசுவோம். பல்லாவரத்துக் கல் உலகப் பாடப்புத்தகங்களில் ஏறினது அதனாலதான். பெருமை நியாயம். ஆனா அதில் ஒரு சொல்லை மட்டும் கொஞ்சம் நிறுத்திக் கேள்வி கேட்கணும்: 'சீரிஸ்'.

கொல்கத்தாவில் ஜோப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து 1893-ல் ஹாலண்ட் எழுதினார். அந்தப் பெயரே கல்லுக்கும் வந்தது. அடையாளம் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம். நீர் அதிகமில்லாத, 700 டிகிரிக்கு மேல் சூடான ஆழ்நிலத்தில் பிறப்பது. இந்தக் கல் ஒரு காலத்தில் சுமார் இருபது கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. இவ்வளவும் உறுதியான வேலை.

சிக்கல் அடுத்த படியில். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் வெளிர் கல்லும் உண்டு, நடுத்தரமும் உண்டு, கன்னங்கரேல்னு இரும்பு, மக்னீசியம் நிறைந்த கல்லும் உண்டு. எல்லாத்திலும் ஹைப்பர்ஸ்தீன் இருக்கு. ஆகவே எல்லாம் ஒரே பாறைக்குழம்பின் பிள்ளைகள், ஒரே வரிசை என்றார் ஹாலண்ட். ஜாடை ஒத்துப்போனா உறவு என்கிற வாதம். ஆனா ஒரே சூளையில் வெந்தாலும் ஜாடை ஒத்துப்போகுமே!

1959-ல் ஏ. பி. சுப்பிரமணியம் அதே மலைகளை மறுபடி ஆராய்ந்து இதைத்தான் கேட்டார். சார்னோக்கைட் என்ற பெயரை குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் கொண்ட வகைக்கு மட்டும் வைத்தார். கருப்பு வகை தனி வம்சம், இடைப்பட்டது கலப்பு என்று பிரித்தார். சொல் சண்டைன்னு ஒதுக்கிட முடியாது. ஒரே வரிசைன்னா, இங்கே கண்டத்தின் மேலோடு ஒரே குழம்பிலிருந்து பிரிந்து உருவானது. வேறு வம்சம்னா, தனித்தனியாப் பிறந்த பாறைகள் ஒன்றுசேர்ந்து, சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒன்றாக வெந்திருக்கு. பூமி முதல் கண்டங்களை எப்படிக் கட்டியது என்ற கேள்விக்கு இவை இரண்டு வெவ்வேறு பதில்கள்.

இப்ப சிர்க்கான் மணிகளை வைத்து வயது சொல்ல முடியும். ஆனா மணியின் நடுப்பகுதி பிறந்த தேதியைக் காட்டலாம், ஓரம் வெந்த தேதியைக் காட்டலாம். எந்தப் பாறை எதை வெட்டிக்கொண்டு போகுது என்பதை ஆய்வகம் சொல்லாது. அது இரண்டு பாறைகள் சந்திக்கும் இடத்தில்தான் தெரியும். நம்ம நிலவியல் வரைபடமோ 1:50,000 அளவு. அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். இரண்டு மீட்டர் அகலக் கருப்புப் பட்டை அதில் எங்கே தெரியும்? முழு மலைக்கும் ஒரே நிறம். ஹாலண்டின் 'சீரிஸ்' இன்னும் அந்த நிறத்துக்குள்ளே உயிரோட இருக்குன்னு எனக்குத் தோணுது.

அந்தச் சந்திப்புகள் எங்கே போகுது? வண்டலூரிலிருந்து ஒரகடம், வாலாஜாபாத் போகும் சாலையில் நின்னா புரியும். கிழக்கே சார்னோக்கைட் குன்றுகள். மேற்கே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மண்ணுக்கடியில், சுமார் 12–13 கோடி ஆண்டுப் பழசான, தாவரப் புதைபடிவங்கள் கொண்ட ஷேல். அதுக்கும் கீழேதான் அடித்தளப் பாறை. இரண்டுக்கும் நடுவே 230 கோடி ஆண்டுக்கும் மேலான கதையின் பக்கங்கள் இல்லை. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் எழுந்த ஆலைகளுக்கு ஜல்லி வேணும். இந்த வட்டாரத்தில் ஜல்லி என்றால் பெரும்பாலும் சார்னோக்கைட்தான். குவாரி வெட்டும்போது பாறை முகம் நல்லாத் திறக்கும். சில வருஷத்தில் அந்த முகமே லாரியில் ஏறிடும். மிஞ்சின பள்ளத்தில் தண்ணீர் நிக்கும். 2017 வறட்சியில் சிக்கராயபுரம் குவாரித் தண்ணீரைத்தான் சென்னை குடிச்சது. அதைக் குறை சொல்ல வரல. தண்ணீருக்கடியில் போன சுவரைப் படிக்க முடியாது, அவ்வளவுதான்.

பரங்கிமலைச் சார்னோக்கைட்டுக்கு தேசிய நிலவியல் சின்னம் என்ற மரியாதை உண்டு. நல்லது. ஆனா ஒரு துண்டைக் காப்பாத்தினா பெயர் பிழைக்கும், உறவுமுறை பிழைக்காது. வேண்டியது இரண்டு. குவாரி முகத்தை வெடி வைக்கும் முன் யாராவது 1:100 அளவில் வரைஞ்சு வைக்கணும். அஸ்திவாரத்துக்குப் போடும் சாயில் டெஸ்ட் போர் அறிக்கைகள் பொது இடத்துக்கு வரணும்: எங்கே களிமண் முடிஞ்சு ஷேல் வருது, எங்கே கருங்கல் தட்டுது என்பதெல்லாம். பிரிட்டனின் புவியியல் ஆய்வு நிறுவனம் பத்து லட்சத்துக்கும் மேலான துளைப் பதிவுகளைச் சேர்த்து வைத்திருக்கு. நாமும் செய்யலாம்.

ஹாலண்ட் சொன்னதை மறுக்க சுப்பிரமணியத்துக்கு மலை மிச்சமிருந்தது. சுப்பிரமணியத்தை மறுக்க வரப்போகிறவருக்கும் ஏதாவது மிச்சம் இருக்கணும்.