தொலைவின் இருமடி விதி எல்லா அலைகளுக்கும் பொருந்துமா?

அலையின் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். இது மாணவர்கள் அனைவருக்கும் மனப்பாடமான விதி. விதியில் குற்றமில்லை. அது எந்த இடத்தில் செல்லும், எந்த இடத்தில் செல்லாது என்பதைச் சொல்லாமல் விடும் நமது கற்பிக்கும் முறையில்தான் குறை இருக்கிறது.

விதி எப்படிப் பிறக்கிறது என்று முதலில் காண்போம். எண்ணூருக்கு அப்பால் கடலில் நிற்கும் ஒரு கப்பல் சங்கு ஊதுகிறது. ஒலி அரைக்கோளமாக விரிகிறது. தொலைவு இரண்டு மடங்கானால் அரைக்கோளத்தின் பரப்பு நான்கு மடங்காகும். அதே ஆற்றல் நான்கு மடங்கு பரப்பில் பங்கிடப்படுவதால் செறிவு நாலில் ஒன்றாகிறது. எனவே, இருமடி என்பது அலையின் குணமன்று. அலை விரியும் இடத்தின் குணம்.

இப்போது காசிமேட்டில் அசைவற்ற நீரில் ஒரு கல்லைப் போடுங்கள். அலை நீர்ப்பரப்பில் மட்டுமே வட்டமாக விரிகிறது. தொலைவு இரட்டித்தால் வட்டத்தின் சுற்றளவும் இரட்டிக்கும், அவ்வளவே. ஆகவே செறிவு பாதியாகும். வீச்சின் இருமடியே செறிவைத் தருவதால் வீச்சு சுமார் 71 சதவீதமாகும். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட இராயபுரத்தில் தண்டவாளத்தைத் தட்டினால், அதனுள் செல்லும் ஒலி பக்கவாட்டில் விரிய இடமே இல்லை. உட்கவர்தலாலும் கசிவாலும் ஏற்படும் இழப்பைத் தவிர, தொலைவால் மட்டும் செறிவு குறையாது.

இந்த வேறுபாடு வெறும் ஏட்டுக் கணக்கன்று. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்திரா அருகே 9.1 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் மையம் சென்னையிலிருந்து சுமார் 2000 கி.மீ. தொலைவில் இருந்தது. சுனாமியின் அலைநீளம் கடலின் ஆழத்தைவிடப் பன்மடங்கு பெரிது. எனவே அது கடற்பரப்பில் இரு பரிமாணத்தில் விரியும் அலை. தொலைவு 16 மடங்கானால், முப்பரிமாணத்தில் வீச்சு 16இல் ஒரு பங்காகும். இரு பரிமாணத்திலோ நாலில் ஒரு பங்காகவே குறையும். மேலும், அன்று கடல்தளம் ஒரு புள்ளியில் பிளக்கவில்லை. தெற்கு வடக்காக 1200 கி.மீ.க்கு மேல் பிளந்தது. அதனால் ஆற்றலின் பெரும்பகுதி கிழக்கிலும் மேற்கிலும் பாய்ந்தது. மேற்கே இலங்கையும் தமிழகமும் இருந்தன. கரையை நெருங்குகையில் அலை உயரவும் செய்யும்: ஆழம் 3000 மீட்டரிலிருந்து 10 மீட்டராகும்போது உயரம் சுமார் நான்கு மடங்காகிறது. "தொலைவில்தானே, தேய்ந்துவிடும்" என்று நினைப்பது எவ்வளவு ஆபத்தானது, பாருங்கள்!

அன்றாட உதாரணம் ஒன்று. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் நீண்ட வரிசையாக ஊர்வதை வடசென்னைவாசிகள் அறிவர். ஒரு தனி லாரியின் இரைச்சல், 20 மீட்டரிலிருந்து 40 மீட்டருக்கு நகர்ந்தால் 6 டெசிபல் குறையும். லாரி வரிசையோ ஒரு கோடு; அதன் ஒலி உருளை வடிவில் விரிகிறது. அங்கே 3 டெசிபல்தான் குறையும். அதே 6 டெசிபல் குறைய 80 மீட்டருக்குச் செல்ல வேண்டும். சாலையோரத்தில் பள்ளியோ மருத்துவமனையோ கட்டத் திட்டமிடுவோர், இருமடி விதியை நம்பிக் கணக்கிட்டால் இரைச்சலைக் குறைத்தே மதிப்பிடுவர்.

ஆகவே ஆசிரியர்களுக்கும் நூலாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இருமடி விதியைச் சொல்லும்போது மூன்று நிபந்தனைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள்: மூலம் சிறியதாக இருக்க வேண்டும்; அலை தடையின்றி முப்பரிமாணத்தில் விரிய வேண்டும்; வழியில் உட்கவர்தல் கூடாது. மாணவர்களே, நீங்களும் சூத்திரத்தில் எண்களை இடுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஆற்றல் எந்தப் பரப்பில் பங்கிடப்படுகிறது? அதற்கு விடை கிடைத்தால் விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை; நீங்களே வருவித்துக்கொள்ளலாம்.