'நெக்ரோ'வுக்கு விளக்கம் உண்டு, 'பாரியா'வுக்கு?

வானூர் பக்கம், ஆரோவில்லையும் புதுச்சேரியையும் ஒட்டி, பிரெஞ்சு படிக்கிறவர்கள் உண்டு, கொஞ்சம் ஸ்பானிஷும். நான் பார்த்த ஸ்பானிஷ் வகுப்புகளில் நிறங்கள் பாடம் வந்தால் ஆசிரியர் ஒரு நிமிஷம் நிற்பார். 'நெக்ரோ' என்றால் கருப்பு, ஆங்கிலத்தில் கேட்கிற வசை இல்லை என்பார். நல்ல பழக்கம்தான். (ஆளைப் பார்த்துச் சொன்னால் ஸ்பானிஷிலும் தொனியைப் பொறுத்து அர்த்தம் மாறும், அது வேற கதை.) பிரெஞ்சுக்காரர்களும் அகதா கிறிஸ்டி நாவலின் பழைய தலைப்பை 2020-இல் மாற்றிவிட்டார்கள்.

எனக்கு உறுத்துவது, இரண்டு மொழியிலும் இருக்கிற 'பாரியா'. 'ஒதுக்கப்பட்டவர்' என்று எழுதிப் போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார்கள். அது பறையர் என்கிற நம்ம ஊர்ச் சாதிப்பெயர். போர்த்துகீசியர் வழியாக ஐரோப்பா போய், 1821-இல் தெலாவீஞ் எழுதிய பாரிஸ் நாடகத்துக்கே தலைப்பானது. இங்கேயோ இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் அதையே தன் பத்திரிகைக்குப் பெயராக வைத்தார். அயோத்திதாசர் அந்தப் பெயரையே ஏற்கவில்லை. இத்தனை சண்டை நடந்த சொல்லுக்கு ஒற்றை வரி அர்த்தமா?

வானூர் தனித்தொகுதி. வகுப்பில் யார் பிள்ளை உட்கார்ந்திருக்கும் என்று வாத்தியாருக்குத் தெரியாதா என்ன? 'இது தமிழ்ச்சொல், ஒரு சாதியின் பெயர், இன்ன வழியில் வசவானது' என்று சொல்ல, கருப்புக்குச் செலவழிக்கிற அதே ஒரு நிமிஷம் போதும்.