தேதி குறித்தவர்களும் விடுபட்டவர்களும்

வில்லியனூர் கொம்யூனில் உள்ள கீழூர் நினைவிடத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரே கணக்கைத்தான் சொல்கிறார்கள். 1954 அக்டோபர் 18, வாக்களித்த மக்கள் பிரதிநிதிகள் 178 பேர், இந்தியாவோடு இணைய ஆதரவு 170, எதிர்ப்பு 8. கணக்கு சரிதான். ஆனால் பிரான்ஸ் ஏன் அந்த வருஷம் இறங்கிவந்தது என்பதற்கான விடையில் ஒரு பாதி வியட்நாமில் இருக்கிறது.

அந்த மே 7 அன்று தியன் பியன் பூ விழுந்தது. ஜூனில் பிரதமரான பியர் மாந்தெஸ் பிரான்ஸ், ஜூலை 20க்குள் போர்நிறுத்தம், இல்லையென்றால் ராஜினாமா என்று தனக்குத்தானே கெடு வைத்துக்கொண்டார். ஜெனீவாவில் உடன்பாடு வந்தது. பிரெஞ்சுப் படை 1956 ஏப்ரலில் வியட்நாமைவிட்டு முழுசாகக் கிளம்பியது. அடுத்த மாதமே, மே 28 அன்று, புதுச்சேரியை ஒப்படைக்கும் ஒப்பந்தம் டெல்லியில் கையெழுத்தானது. இந்த இரண்டு வெளியேற்றங்களையும் நாம் தனித்தனிப் புத்தகங்களில் படிக்கிறோம். ஒன்று விடுதலை, இன்னொன்று யாருடைய தோல்வியோ.

இரண்டு புத்தகத்திலும் இடம் இல்லாமல் போனவர் சொல்தா. பிரான்சில் கட்டாய சேவையில் இருந்த இளைஞர்களை இந்தோசீனாவுக்கு அனுப்பவில்லை. சம்பளத்துக்குச் சேர்ந்தவர்கள், அந்நியர் படை, மொரோக்கோ, அல்ஜீரியா, செனகல் ஆட்கள்தான் அங்கே செத்தார்கள். புதுச்சேரிக்காரர்களும் அந்தச் சீருடையில் இருந்தார்கள். பேச்சு முறிந்தால் கட்டாய சேவைப் பையன்களையும் அனுப்ப வேண்டிவரும் என்று மாந்தெஸ் பிரான்ஸ் எச்சரித்தார். அந்த எச்சரிக்கைக்கு ஏன் அவ்வளவு எடை? தன் வீட்டுப் பிள்ளை போகாதவரை ஒரு போர் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் ஓடும் என்பதுதான் காரணம்.

நாகரத்தினம் கிருஷ்ணா 'சைகோன் – புதுச்சேரி' என்று நாவலின் தலைப்பிலேயே இரண்டு ஊரையும் ஒட்டவைத்தார். அரி கோத்தியே குருசுக்குப்பத்துத் திண்ணையைப் பிரெஞ்சில் எழுதினார. பாகூர், வில்லியனூர் வயல்பக்கத்திலிருந்து கப்பலேறிய சொல்தாவுக்கு, இவற்றுக்குப் பக்கத்தில் வைக்க இன்னொரு நாவல் வேண்டும். ஓய்வூதியத்தையும் மிடுக்கையும் வைத்து அவரைக் கேலிச்சித்திரமாக்குவது சுலபம். யாருக்காகச் சுட்டார், திரும்பி வந்தபோது எந்த நாட்டுக்கு வந்தார் என்று கேட்பதுதான் கஷ்டம்.

தமிழர் நினைவில் இன்னும் ஆறாமல் இருப்பது வேறொரு வெளியேற்றம். இந்திய அமைதிப்படை 1989 ஜூலை முடிவதற்குள் போக வேண்டும் என்று பிரேமதாசா கெடு வைத்தார். கடைசி அணி திருகோணமலையைவிட்டு 1990 மார்ச் 24 அன்றுதான் கிளம்பியது. வரவேற்கப் போகமாட்டேன் என்றார் கருணாநிதி. இங்கே நடந்த பேச்சு பெரும்பாலும் இந்தக் கௌரவச் சண்டையைப் பற்றியதுதான்.

படை போக வேண்டியிருந்தது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் 1987 அக்டோபரில் நடந்த கொலைகளுக்குப் பிறகு அங்கே இருக்க என்ன நியாயம்? போவதா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருந்த 1989 ஆகஸ்டில்தான் வல்வெட்டித்துறைப் படுகொலை நடந்தது. தாமதமும் ஆளைக் கொல்லும்.

ஆனால் "எப்பப் போவீங்க?" என்று கேட்ட அளவுக்கு "எப்படிப் போவீங்க?" என்று யாரும் கேட்கவில்லை. ஜெனீவா உடன்பாட்டில் 300 நாள் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. வடக்கிலிருந்து தெற்கே, தெற்கிலிருந்து வடக்கே, விரும்பியவர் போய்ச்சேரலாம். குறைகள் ஏராளம், இருந்தும் லட்சக்கணக்கானவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். இலங்கையில் அப்படி ஒன்று இல்லை. இந்திய ஆதரவோடு தமிழ் தேசிய இராணுவம் என்ற பெயரில் பிடித்துக்கொண்டுபோகப்பட்ட பையன்கள், படை நகர நகரப் புலிகளின் முன்னால் தனியாக நின்றார்கள்.

'முறிந்த பனை'யை நான் திரும்பத் திரும்பப் பரிந்துரைப்பது இதனால்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஆசிரியர்கள் நால்வர், படை அங்கே இருந்த காலத்திலேயே, இரண்டு பக்கத்துத் துப்பாக்கிகளையும் கணக்கில் எடுத்து எழுதினார்கள். அவர்களில் ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். வெளியேற்றம் அப்போது முடிந்திருக்கவில்லை.

2021இல் காபூல் விமான நிலையத்தை நீங்கள் கைபேசியில் பார்த்தீர்கள். அதுவும் தேதி முதலில், ஆட்கள் அப்புறம் என்ற கதைதான். படை வெளியேறுவதைப் பற்றி இனி ஒரு நாவலோ கட்டுரையோ கைக்கு வந்தால், கிளம்புகிறவர் எப்படி விடைபெற்றார் என்பதை விடுங்கள். கப்பல் போன மறுநாள் காலை கரையில் நின்றவருக்கு அதில் ஒரு பக்கமாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.